அப்பா, பேங்க் கடிதம் பற்றி

டோர்ட்முண்ட், ஜெர்மனி,
ஜூன் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? சேர்வராயன் கோயில் திருவிழாப் படங்களை மாமா அனுப்பியிருந்தார். அம்மா கொஞ்சம் மெலிந்த மாதிரி தெரிகிறார். சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்லுங்கள்.

பேங்கிலிருந்து ஃபாரத்தோடு வந்த கடிதத்தைப் பற்றி நான் போனில் சொன்னது உங்களுக்குச் சரியாகப் பிடிபடவில்லை, ராத்திரி தூக்கமில்லாமல் புரள்கிறீர்கள் என்று அம்மா சொன்னார். நாலு பேர் நாலு விதமாகப் பயமுறுத்தியிருக்கிறார்கள். ஜெர்மனிக்காரர்கள் நம் தோட்டத்துக் காப்பி விற்ற பணத்துக்கு வரி பிடித்துக்கொள்வார்கள் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னாராம். கணக்கையே முடக்கிவிடுவார்கள் என்று இன்னொருவர். மாமாவோ, "எல்லாக் கட்டத்திலும் இந்தியான்னு போட்டுக் குடுத்துடுங்க, தொல்லை விட்டுது" என்கிறார். அதனால்தான் நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அது வரி நோட்டீஸ் இல்லை, அப்பா. கணக்கில் பெயர் உள்ளவர்கள் எந்த நாட்டில் வரி கட்டும் வாசிகள், அந்த நாட்டு வரி எண் என்ன என்று பேங்க் கேட்கிறது. கேட்க வேண்டியது அவர்கள் கடமை. 2014-ல் ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பு இதற்கு ஒரு பொது விதியை வகுத்தது. சி.ஆர்.எஸ். என்று அந்த ஃபாரத்தின் மேலே போட்டிருக்கிறதே, அதுதான். இந்தியா 2015 ஜூனில் கையெழுத்துப் போட்டது. 2017 முதல் இந்தியாவும் ஜெர்மனியும் தகவலைப் பரிமாறிக்கொள்கின்றன. டிசம்பர் 31 அன்று கணக்கில் எவ்வளவு இருந்தது, அந்த வருஷம் எவ்வளவு வட்டி வந்தது என்ற விவரத்தை பேங்க் அடுத்த மே 31-க்குள் நம் வருமான வரித்துறைக்குக் கொடுக்கும். அங்கிருந்து செப்டம்பருக்குள் ஜெர்மனிக்குப் போகும். போவது விவரம் மட்டும்தான். உங்கள் கணக்கிலிருந்து ஒரு ரூபாய்கூட அதனால் நகராது.

கணக்கில் என் பெயர் இரண்டாவதாக இருப்பதாலும், என் முகவரியையும் போன் நம்பரையும் இந்த ஊருக்கு மாற்றிக் கொடுத்ததாலும்தான் கடிதம் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியது. வெளிநாட்டு முகவரியோ நம்பரோ கண்ணில் பட்டால் பேங்க் கேட்டே ஆகவேண்டும். எப்போதும் ஏற்காட்டிலேயே இருக்கிற உங்களைச் சந்தேகப்பட்டு யாரும் எழுதவில்லை.

இந்த ஊரில் எதற்கெடுத்தாலும் தாள்தான், அப்பா. வந்த புதிதில் எனக்கே மலைப்பாக இருந்தது. குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் ஒன்று வேண்டும். பதிந்த பிறகு மத்திய வரி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதில் 11 இலக்க எண் ஒன்று. இங்கே பிறக்கிற குழந்தைக்கும் அந்த எண் உண்டு, சாகும்வரை மாறாது. அது இல்லாவிட்டால் சம்பளத்தில் கூடுதலாக வரி பிடிப்பார்கள். ஆகையால் அந்தக் கடிதம் வரும்வரை தினமும் டியூட்டி முடிந்து வந்ததும் தபால் பெட்டியைத்தான் பார்ப்பேன்.

தபால் பெட்டி என்றதும் இதைச் சொல்ல வேண்டும். நம் பக்கம் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து இனிஷியல் போட்டால் முடிந்தது. இங்கே அந்த ஓர் எழுத்து செல்லாது. பாஸ்போர்ட்டில் இருக்கிற உங்கள் பெயர்தான் எனக்குக் குடும்பப் பெயர். பெட்டியின் மேல் அதைத்தான் ஒட்டியிருக்கிறேன். ஒட்டாவிட்டால் தபால்காரர் கடிதத்தைப் போடமாட்டார், திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆஸ்பத்திரியிலும் பெரிய டாக்டரிலிருந்து தரை துடைக்கிற அக்கா வரை உங்கள் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை உங்கள் பெயர் என் காதில் விழுகிறது தெரியுமா! எனக்கு அது பெரிய சந்தோஷம்.

எங்கள் வார்டில் ஒரு தாத்தா இருந்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இந்தப் பகுதி முழுக்க ஒரு காலத்தில் சுரங்கமும் இரும்பாலையுமாகவே இருந்தது. நம் சேலத்து இரும்பாலைப் பக்கம் போனால் எப்படிப் பேச்செல்லாம் ஷிப்ட்டைப் பற்றியே இருக்குமோ, அப்படித்தான் இங்கே வயசானவர்கள் பேச்சும். பாட்ராப் என்ற பக்கத்து ஊரில் கடைசிச் சுரங்கத்தை 2018 டிசம்பரில் மூடினார்கள். அந்தத் தாத்தா அட்மிட் ஆகும்போது துணிப்பையோடு ஒரு தடித்த ஃபைலும் கொண்டுவந்தார். முதல் வேலைச் சீட்டிலிருந்து பென்ஷன் தாள் வரை வருஷவாரியாகத் துளைபோட்டுக் கோத்து வைத்திருந்தார். எந்த அலுவலகம் எதைக் கேட்டாலும் எடுத்து நீட்டுவதற்குத் தயாராக. இப்போது என் அலமாரியிலும் அப்படி ஒரு ஃபைல் இருக்கிறது. பேங்க் கடிதத்தின் நகலை அதில்தான் வைத்திருக்கிறேன்.

இனி மாமா சொன்னதற்கு வருகிறேன். அவர் நம்மேல் உள்ள பாசத்தில் சொல்கிறார், தெரியும். ஆனால் என் ஃபாரத்தில் இந்தியா என்று போட முடியாது, அப்பா. பொய்யாகிவிடும். குடியுரிமை வேறு, வரிக்கான வாசம் வேறு. என் பாஸ்போர்ட் இந்திய பாஸ்போர்ட்தான். ஆனால் வேலைக்காக வெளிநாடு போனவர்கள் ஒரு நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால் வரிக் கணக்கில் அங்கே வாசி ஆகமாட்டார்கள். லீவுக்கு வந்து போவதும் அதே 182 நாள் கணக்குக்குள்தான். இந்தியாவில் 15 லட்சத்துக்கு மேல் வருமானம் இருப்பவர்களுக்கு 120 நாள் என்று ஒரு விதி உண்டு, நமக்கு அது பொருந்தாது. நான் வசிப்பதும் உழைப்பதும் வரி கட்டுவதும் இங்கே. ஆகவே என் தாளில் ஜெர்மனி, அந்த 11 இலக்க எண். பான் எண்ணை அந்த இடத்தில் எழுதக் கூடாது. பான் கேட்டிருக்கும் தனிக் கட்டத்தில் மட்டும் பான்.

நியூஜெர்சியில் இருக்கும் சித்தப்பா மகன் கதையை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவுக்கு ஃபாட்கா என்று தனிச் சட்டம், 2010-லேயே போட்டார்கள். அதில் குடியுரிமையே போதும். அவன் குழந்தை அங்கே பிறந்தது, நாளைக்குச் சேலத்துக்கே வந்து குடியிருந்தாலும் அமெரிக்கா அதைத் தன் வரிக் கணக்கில் வைத்திருக்கும். அதனால்தான் ஃபாரத்தில் பிறந்த ஊர், பிறந்த நாடு எல்லாம் கேட்கிறார்கள். எனக்குப் பிறந்த ஊர் ஏற்காடு, இந்தியா. அவ்வளவுதான்.

உங்கள் தாள் ரொம்பச் சுலபம். நீங்கள் இந்தியாவைத் தவிர வேறெங்கும் வரி வாசி இல்லை. அதற்கான கட்டத்தில் டிக் போட்டு, பான் கார்டில் உள்ளபடி பெயரெழுதிக் கையெழுத்துப் போடுங்கள். என் கையெழுத்தையும் நீங்களே போட்டுவிடட்டுமா என்று கேட்டீர்கள். தயவுசெய்து வேண்டாம், அப்பா. அது நானே உறுதி சொல்லிக் கொடுக்கிற தாள். கையெழுத்துப் போட்டு இந்தக் கடிதத்தோடேயே வைத்திருக்கிறேன்.

எனக்கு உண்மையில் மனசில் உறுத்துவது வேறொன்று. இந்தக் கூட்டுக் கணக்கு.

கூட்டுக் கணக்கென்றால் ஆளுக்குப் பாதி என்று பிரித்து அனுப்பமாட்டார்கள். முழு இருப்பின் விவரமும் என் பெயரில் என் வரி எண்ணோடு போகும். அதில் கிடப்பது யார் பணம்? நீங்கள் பனியில் நின்று பறித்த காப்பியும் மிளகும் விற்ற காசு. அதில் என் உழைப்பு ஒரு பைசா இல்லை. சட்டப்படி என் பெயர் இருப்பதில் தப்பொன்றும் இல்லை. நெருங்கிய சொந்தம் என்ற முறையில் வெளிநாட்டில் இருப்பவர் பெயரை இரண்டாவதாக வைத்துக்கொள்ள ரிசர்வ் பேங்க் விதியே இடம் கொடுக்கிறது. ஆனால் நாளைக்கு இங்குள்ள வரி அலுவலகம் 'இந்தப் பணமும் வட்டியும் உன்னுடையதா' என்று கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டும். பதில் என்னிடம் இருக்கிறது. ஆதாரம் உங்களிடம் இருக்கிறது. அந்த பிஸ்கட் டப்பாவில் வியாபாரி கொடுத்த சீட்டெல்லாம் சுருட்டி வைத்திருக்கிறீர்களே, ரப்பர் பேண்ட் போட்டு, அதில் எதையும் அடுப்புக்குப் போட விடாதீர்கள். மூட்டைக் கணக்கும் தேதியும் தெரிகிற மாதிரி தம்பியை ஒவ்வொன்றாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எழுத்து மங்கிப்போவதற்குள் செய்தால் நல்லது.

இதைவிட நல்ல வழி ஒன்று தோன்றுகிறது. கோபப்படாமல் கேளுங்கள். என் பெயரை எடுத்துவிட்டு அம்மா பெயரைச் சேருங்கள். என்னை நாமினியாகப் போடுங்கள். நாமினி கணக்குக்குச் சொந்தக்காரர் இல்லை, ஆகவே வருஷாவருஷம் என் எண்ணோடு உங்கள் பணத்தின் விவரம் பயணம் போகாது. நான் நர்சிங் முடித்து முதல் வேலைக்குப் போன அன்று நீங்களே சேலம் அஞ்சு ரோடு பக்கம் பேங்குக்குக் கூட்டிப்போய் என் பெயரைச் சேர்த்தீர்கள். 'எனக்கு ஒண்ணுன்னா நீ யார்கிட்டயும் கையேந்தக் கூடாது' என்று சொன்னீர்கள். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. பெயரை எடுப்பதால் அந்த உறவில் ஒன்றும் குறைந்துவிடாது, அப்பா. வைத்தே ஆகவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் வைத்துக்கொள்வோம், நான் தாளெல்லாம் ஒழுங்காகக் கொடுத்துவிடுகிறேன். முடிவு உங்களுடையது.

என் சொந்தக் கணக்கைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பழைய சம்பளக் கணக்கைக் கிளம்பும்போதே என்.ஆர்.ஓ.வாக, அதாவது வெளிநாட்டில் இருப்பவர் தன் இந்திய வருமானத்துக்கு வைத்திருக்கும் கணக்காக, மாற்றிவிட்டேன். அதன் வட்டியில் 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் பிடிக்கிறார்கள். இந்தியாவும் ஜெர்மனியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 10 சதவீதம்தான் பிடிக்கலாம். அதற்கு இங்குள்ள வரி அலுவலகம் 'இவர் எங்கள் வாசி' என்று முத்திரை குத்திக் கொடுத்த சான்றிதழும், அதற்கென உள்ள ஃபாரமும் கொடுக்க வேண்டும். இரண்டும் ஏற்பாடு செய்துவிட்டேன். வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தைப் போட்டுவைக்கும் என்.ஆர்.இ. கணக்கு வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. மாமா அதை வைத்துத்தான் 'வரியே கிடையாது' என்கிறார். இங்கே அந்த வட்டியையும் கணக்கில் காட்டியாக வேண்டும். வருஷத்துக்கு வட்டி, டிவிடெண்ட் எல்லாம் சேர்த்து 1000 யூரோ வரை விலக்கு. எனக்கு அதைத் தாண்டவில்லை.

ஒரு உதவி வேண்டும். இங்கே வரி வருஷம் ஜனவரியிலிருந்து டிசம்பர். நம் பேங்க் கொடுக்கும் வட்டிச் சான்றிதழ் ஏப்ரலிலிருந்து மார்ச். அது எனக்கு அப்படியே ஒட்டாது. கூட்டுக் கணக்குப் பாஸ்புக்கை என்ட்ரி போட்டு, 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரை உள்ள பக்கங்களை அனுப்புங்கள். ஜூலை 31-க்குள் நான் இங்கே வரிக் கணக்குக் கொடுக்க வேண்டும்.

பக்கத்தில் ஹாம் என்ற ஊரில் இலங்கைத் தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது என்று சொன்னேனே, 2002-ல் கும்பாபிஷேகம் ஆனது. அங்கே தேருக்குப் போயிருந்தேன். கோபுரம், காவடி, தேங்காய், நாதஸ்வரம் எல்லாம் உண்டு. சுற்றி மட்டும் தொழிற்சாலைகள். தெப்பக்குளத்துக்குப் பதிலாகக் கப்பல் போகிற கால்வாயில் தீர்த்தமாடினார்கள். அன்னதான வரிசையில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரைப் பார்த்தேன். அவருடைய பேங்க் இதே ஃபாரத்தைப் பழைய வீட்டு முகவரிக்கு அனுப்பியிருக்கிறது. யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. கணக்கில் பரிவர்த்தனையை நிறுத்திவிட்டார்கள், வீட்டுக் கடன் தவணை தவறிவிட்டது. லீவு போட்டு ஊருக்குப் போய்ச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. நம் கடிதத்தை நீங்கள் அன்றைக்கே பிரித்துப் படித்து எனக்குச் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் உறைத்தது.

ஒரே ஒரு எச்சரிக்கை. இந்த ஃபாரத்தின் பெயரைச் சொல்லி யாராவது போன் பண்ணி ஓ.டி.பி., ஏ.டி.எம். நம்பர் கேட்டாலோ, மெசேஜில் லிங்க் அனுப்பினாலோ பேசாமல் வைத்துவிடுங்கள். ஃபாரத்தில் அதெல்லாம் கேட்பதே இல்லை. என் 11 இலக்க எண்ணையும் வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை நீங்கள் பேங்குக்காகச் சேலத்துக்குக் கீழே இறங்கும்போது தனியாக வண்டியோட்டிக்கொண்டு போகாதீர்கள். மழை பிடித்துவிட்டால் அந்த இருபது கொண்டை ஊசி வளைவும் வழுக்கும். காலை பஸ்ஸிலேயே போங்கள், தம்பியும் கூட வரட்டும். இரண்டு ஃபாரத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, கொடுத்ததற்கு அந்த ஜெராக்ஸில் தேதியோடு சீல் வாங்குங்கள். 'சிஸ்டத்தில் ஏத்திட்டோம், சீல் எதுக்கு' என்று சொன்னாலும் வாங்காமல் வராதீர்கள். நாமினி ஃபாரமும் ஒன்று கேட்டு வாங்கி வாருங்கள், போடுகிறோமோ இல்லையோ கையில் இருக்கட்டும். முடிந்ததும் எனக்கு ஒரு மெசேஜ். டியூட்டியில் இருந்தாலும் பார்த்துவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்