லயத்து வீட்டுக்கு உறுதிப்பத்திரம் கொடுங்கள்

இலங்கையின் பெருந்தோட்டத்துறைக்குப் பொறுப்பான அமைச்சர் அவர்களுக்கு,

தோட்டத்து நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாய் ஆனது, 2024இல் 1350 ஆனது. போராடி வாங்கித் தந்த எல்லோருக்கும் நன்றி. சம்பளம் பற்றிப் பேச ஆள் இருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் என்ற வரிசை வீட்டைப் பற்றி நான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு மலையேற முடியாத வயது வந்தபோது எங்கள் லயத்தில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "யார் பேர் பதியப் போறது?" பிள்ளைகளில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்தால்தான் காம்பரா, அதாவது லயத்தில் எங்கள் வீடு, எங்களிடம் நிற்கும். உயர்தரம் எழுதியிருந்த அக்கா கொழுந்துக்கூடையை எடுத்தாள். நான் படித்து ஆசிரியரானேன். எங்கள் குடும்பம் முன்னேறிவிட்டது என்று ஊரில் சொல்கிறார்கள். அக்காவைக் கணக்கில் சேர்க்காமல்தான் அப்படிச் சொல்ல முடிகிறது.

அப்பாவின் சேமலாப நிதிக் காசில் குசினியை நீட்டிக் கட்டினோம். அதற்கும் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் கடிதம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. கல்லும் சீமெந்தும் எங்கள் காசு, சுவர் தோட்டத்துடையது. அந்த வீட்டை ஈடு வைத்து ஒரு கடைக்கோ பிள்ளையின் படிப்புக்கோ வங்கியில் கடன் கேட்க முடியாது. நாளைக்கு அக்காவின் மகளுக்கு எழுதிக் கொடுக்கவும் முடியாது. கிராமத்தில் கால் ஏக்கர் உள்ளவர் அதைப் பிள்ளைக்கு விட்டுப் போகிறார். நாங்கள் விட்டுப் போவது செக்ரோலில், தோட்டத்து வேலையாட்கள் பதிவேட்டில், ஒரு பேரை.

எங்கள் மக்களிடம் 1948இல் பறித்த பிரஜாவுரிமைப் பிரச்சினை தீர 2003 சட்டம் வரை ஆனது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்தது, லய மக்களுக்குக் காணி வரவில்லை. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. அப்போதும் பெரும்பாலான காணியின் சொந்தக்காரர் அரசுதான், ஆகவே கொடுக்கும் அதிகாரமும் உங்களிடம்தான் இருக்கிறது. இந்திய உதவியில் ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனி வீடுகளில்கூடப் பலருக்குச் சாவி வந்தது, உறுதி வரவில்லை.

சரி, கேட்பது இதுதான். குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உறுதிப்பத்திரம் கொடுங்கள். வீட்டில் ஒருவர் தோட்டத்தில் வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனை அதில் வேண்டாம். கொழும்பில் கடையில் நிற்கும் மகனுக்கும் இது பிறந்த வீடு. அப்புறம், உறுதியில் பெண்ணின் பேரும் கட்டாயம் இருக்க வேண்டும். கொழுந்து பறித்து அந்தக் கூரையைக் காப்பாற்றியவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

இப்படிக்கு,
லயத்தில் பிறந்த ஓர் ஆசிரியன்