பாண்டியில் இரண்டு ராத்திரி

என் அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாண்டிக்கு வந்தால் நமக்கெல்லாம் கட்டுப்படி ஆகுமா, போட்டோவில் பார்த்தால் பணக்காரர்கள் வந்து தங்குகிற ஊர் மாதிரி இருக்கிறதே என்று கேட்டிருந்தாய். உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியாதுடி. கடலூரிலேயே பிறந்து வளர்ந்தும், ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிற அந்த ஊரில் நான் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. எங்கள் வீட்டில் பாண்டிக்குப் போகிறோம் என்றால் ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று அர்த்தம். விடியற்காலை பஸ் ஏறி, வரிசையில் நின்று, மருந்தை வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம்.

சரி, போய்ப் பார்த்துவிட்டே எழுதலாம் என்று அம்மாவையும் சின்னவளையும் கூட்டிக்கொண்டு போன செவ்வாய்க்கிழமை கிளம்பி, வியாழன் திரும்பினோம். மூன்று பேருக்கும் எல்லாம் சேர்த்து 5,000 ரூபாய்க்குள் முடிந்தது. அதில் பாதி ஒரே ராத்திரிக்குப் போனது, அதில் எனக்கு வருத்தமே இல்லை.

முதல் ராத்திரி வாய்க்காலுக்கு மேற்கே, மார்க்கெட் பக்கம் ஒரு லாட்ஜில் 900 ரூபாய்க்குத் தங்கினோம். அந்த ஊரில் பெரிய வாய்க்கால்தான் கோடு. கிழக்கே வெள்ளைக்காரர்கள் குடியிருந்த வீதிகள், மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி. மேற்கே நம்ம ஆட்கள் இருந்த தெருக்கள். அறை வாடகையும் இன்றைக்கு வரைக்கும் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் ஏறுகிறது. ஆனால் நடந்து போனால் இந்தப் பக்கத்திலிருந்து கடற்கரைக்குக் கால் மணி நேரம்தான்.

இரண்டாம் ராத்திரிக்குக் கடலைப் பார்த்த அறை ஒன்றை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். பெரிய ஓட்டல் இல்லை, ஒரு பழைய விருந்தினர் விடுதி. கட்டில், மின்விசிறி, ஒரு சின்ன பால்கனி, அவ்வளவுதான். அம்மாவை உனக்குத் தெரியுமே, தேவனாம்பட்டினத்தில் கருவாடு காயவைத்து எங்களை வளர்த்தவள். 2004 சுனாமிக்குப் பிறகு மஞ்சக்குப்பத்துக்கு வந்ததிலிருந்து கடல் சத்தம் கேட்கிற இடத்தில் அவள் படுத்ததே இல்லை. அன்றைக்கும் ராத்திரி முதலில் கதவைச் சாத்தச் சொன்னாள். விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தால் கட்டிலில் ஆள் இல்லை. பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தூரத்தில் நாலைந்து படகு விளக்கு. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எது வருதுன்னு பாக்காம சும்மா கடல பாக்கறது இப்பதான்டி" என்றாள். அப்பா இருந்தவரைக்கும் அவள் கடலைப் பார்த்ததெல்லாம் படகு திரும்புகிறதா என்றுதானே. அதற்குப் பிறகு வெயில் ஏறுகிறவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் பேசவே இல்லை.

அதனால் என் யோசனை இதுதான். மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பார், ஒரு ராத்திரிக்கு மட்டும் கடலைப் பார்த்த அறை எடு. கடற்கரைச் சாலையிலேயே அரவிந்தர் ஆசிரமத்து விடுதியும் இருக்கிறது, சுத்தமாக இருக்கும். அங்கே குடி, சிகரெட் கூடாது, ராத்திரி நேரத்தோடு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். உன் வீட்டுக்காரருக்கு அதில் ஒன்றும் சிரமம் இருக்காது. சனி, ஞாயிறு மட்டும் வேண்டவே வேண்டாம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வெள்ளிக்கிழமை சாயங்காலமே கார்கள் வந்து குவிந்துவிடுகின்றன, அதே அறை இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள்.

மற்றபடி அந்த ஊரில் நல்லதெல்லாம் சும்மாவே கிடைக்கிறது. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரைக்கும் கடற்கரைச் சாலையில் வண்டி விடுவதில்லை. அகலமான ரோடு முழுக்க மனிதர்கள்தான். காந்தி சிலை, அதைச் சுற்றி செஞ்சியிலிருந்து கொண்டு வந்ததாகச் சொல்கிற கருங்கல் தூண்கள், 1836-இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம், எல்லாம் ஒரே நடையில் வந்துவிடும். சின்னவள் அந்த ரோட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினாள், நான் பின்னால் ஓட வேண்டிய அவசியமே இல்லாமல் சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு இடத்தில் மட்டும் ஏமாந்தேன். வெயிலுக்கு ஒதுங்கலாம் என்று ஒரு அழகான முற்றம் வைத்த கடைக்குள் போய்விட்டோம். மூன்று காபிக்கு வரியோடு 600 ரூபாய்க்கு மேல் பில். அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீ வெளியே மாட்டியிருக்கிற விலைப்பட்டியலைப் பார்க்காமல் எந்தக் கடைக்குள்ளும் ஏறாதே. பேக்கரியில் நீள ரொட்டி வாங்கிக்கொள், டீயில் தோய்த்துச் சாப்பிட்டால் காலைப் பசி தீர்ந்தது.

அப்புறம், பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போனோமே, கடலில் கால் நனைக்க இடமில்லாமல் கறுப்புக் கல்லாகவே கிடக்கிறது என்று நீ அழுதாயே, ஞாபகம் இருக்கிறதா? தெற்கே துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டின பிறகு வடக்கே போக வேண்டிய மணல் தடைபட்டு, கரையைக் கடல் தின்றுவிட்டதாம். இப்போது தலைமைச் செயலகத்துக்கு எதிரே தண்ணீருக்கு அடியில் இரும்பில் ஒரு தடுப்பு இறக்கியிருக்கிறார்கள், அங்கே மணல் திரும்ப வந்துவிட்டது. சின்னவள் வீடு கட்டி விளையாடினாள். அந்தக் கல்லைப் பற்றியும் இப்போது எனக்கு வேறு எண்ணம். சுனாமி அன்று நகரத்துக்குள் தண்ணீர் புகாமல் தாங்கியது அந்தக் கல்சுவர்தான். எங்கள் பட்டினத்தில் அப்படி ஒன்று இருந்திருந்தால் என்று அம்மா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

உன் பெரியவனுக்குப் படகு ஆசை என்றால் சுண்ணாம்பாற்றில் இறங்கிக்கொள்ளுங்கள், கடலூர் ரோட்டிலேயே இருக்கிறது, அங்கிருந்து படகில் மணல்திட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். காலையிலேயே போனால் கூட்டம் இருக்காது. எந்தக் கடற்கரையிலும் பிள்ளைகளை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் விடாதே, இந்தக் கடல் இழுக்கும்.

பிப்ரவரியில் வர முடியுமா பார். முதல் நாள் நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிடு, மூட்டையெல்லாம் இங்கே போட்டுவிட்டுக் கைவீசிப் போகலாம். தேதி சொன்னால் அறைக்குச் சொல்லி வைக்கிறேன். அம்மாவும் வருகிறாளாம், பால்கனி நாற்காலி தனக்குத்தான் என்று உன்னிடம் இப்போதே சொல்லிவிடச் சொன்னாள்.

உன்
பக்கத்து பெஞ்சுக்காரி
மஞ்சக்குப்பம்