செங்குன்றம் மாமாவுக்கு: விமானமே பறக்காதபோது எதற்குப் பூட்டு?

அன்புள்ள மாமா,

கல்யாணப் பந்தியில் நீங்கள் சொன்னீர்களே, "அவங்க வெளிநாட்டுக்காரங்க, விசா விதியை மீறினாங்க, ஜெயில்ல போடல, கேம்ப்லதான் வெச்சாங்க, சோறு போட்டாங்க, வேற என்ன வேணும்?" என்று. சாப்பிடுகிற இடத்தில் சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஆனால் பதில் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

2020 ஏப்ரலில் தமிழ்நாட்டில் பிடிபட்ட, தப்லீக் ஜமாத் என்ற இஸ்லாமியப் பிரசார அமைப்பின் வெளிநாட்டுக்காரர்களைத்தானே சொன்னீர்கள்? இந்தோனேசியா, வங்கதேசம், தாய்லாந்து என்று பல நாட்டுக்காரர்கள், நூறு பேருக்கு மேல். அவர்களுக்கு ஜாமீன் கிடைத்தது, ஆனால் வெளியே விடவில்லை. வெளிநாட்டவர் சட்டத்தைக் காட்டி, புழல் சிறை வளாகத்தில் இருக்கிற, இளவயதுக் கைதிகளுக்கான பார்ஸ்டல் பள்ளியைச் சிறப்பு முகாம் என்று அறிவித்து அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் மாமா அது? அந்த வருஷம் மே மாதக் கடைசியில்தான் புழல் சிறைக் கைதிகள் பலருக்குக் கொரோனா என்று செய்தி வந்தது.

அந்தச் சமயத்தில் நாங்கள் எப்படி இருந்தோம் என்று உங்களுக்கே தெரியும். சென்னையிலேயே தொற்று அதிகமாக இருந்தது எங்கள் ராயபுரம் மண்டலம். தெருமுனையில் தகரம் அடித்தார்கள். மூன்று குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸை வைத்துக்கொண்டு எங்கே போய்த் தனிமைப்படுவது என்று அம்மா கத்த, நீங்கள்தான் கவுன்சிலர் வரைக்கும் போன் போட்டுச் சண்டை பிடித்தீர்கள். எங்களுக்காவது மொட்டை மாடி இருந்தது, சண்டை போட மாமா இருந்தார். பூட்டி வைத்த இடத்தில் பக்கத்துப் பாய் எத்தனை அடி தள்ளி இருக்கணும் என்று உள்ளே இருக்கிறவர் முடிவு செய்ய முடியாது. சோப்பும் மாஸ்க்கும் யாராவது கொடுத்தால்தான் உண்டு, டெஸ்ட் எடுப்பதும் அவர்கள் மனசு வைத்தால்தான், ஆனால் கிருமி மட்டும் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்வருகிற காவலரோடு தாராளமாக உள்ளே வரும்.

இது நம்ம ஊர்ச் சங்கதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் சான் டியகோ பக்கத்தில், ஒட்டாய் மேசா என்ற தனியார் நடத்தும் தடுப்பு மையத்தில் இருந்த ஒருவர், எல் சால்வடோரில் பிறந்தவர், சர்க்கரை நோயாளி, 57 வயது, 2020 மே 6 அன்று கொரோனாவில் இறந்தார். அந்த நாட்டுக் குடியேற்றக் காவலில் கொரோனாவுக்கு முதல் சாவு அதுதான். ஆஸ்திரேலியாவில், மெல்போர்னில் டென்னிஸ்காரர் ஜோகோவிச்சை அடைத்த ஹோட்டலைப் பற்றி நீங்களே டிவியில் பார்த்துவிட்டு அப்படிப் பேசினீர்கள், பாவம் பெரிய ஆட்டக்காரர் என்று. அவர் சில ராத்திரிதான் இருந்தார். சிகிச்சைக்கென்று அந்த நாட்டின் கடல் கடந்த தீவு முகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்ட அகதிகள் அதே ஹோட்டலில் மாதக்கணக்கில் அடைந்து கிடந்தார்கள், 2021 அக்டோபரில் அங்கே தொற்றும் பரவியது.

எனக்குப் புரியாதது ஒன்றுதான் மாமா. இந்தக் காவல் தண்டனை இல்லை, ஊருக்கு அனுப்பும் வரைக்கும் வைத்திருப்பது என்றுதான் எல்லா அரசும் சொல்லும். 2020 மார்ச் கடைசியிலிருந்து வழக்கமான விமானமே ஓடவில்லையே, யாரை எங்கே அனுப்ப? ஸ்பெயின்காரர்கள் இந்தக் கணக்கைத்தான் போட்டார்கள். அனுப்ப வழியில்லை என்றதும் ஆட்களை விட்டார்கள், மே மாதத்துக்குள் அங்கே தடுப்பு மையங்கள் காலி. அங்கே எதுவும் முழுகிப் போய்விடவில்லை.

நம்ம நாட்டிலும் முடிந்தது. வெளிநாட்டவர் என்று அறிவிக்கப்பட்டு அசாம் தடுப்பு முகாம்களில் மூன்று வருஷம் இருந்தவர்கள் ஒரு லட்ச ரூபாய்ப் பிணையில் வெளியே வரலாம் என்று இருந்ததை, 2020 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் கொரோனாவை முன்னிட்டு இரண்டு வருஷம், 5,000 ரூபாய் என்று குறைத்தது. புழலில் இருந்தவர்கள் சிலரின் வழக்கிலும் ஜூனில் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், விசா விதியை மீறியது உண்மை என்று எழுதிக் கொடுக்கட்டும், பட்டது போதும், ஊருக்குப் போகட்டும் என்ற கருத்தில்தான் தீர்ப்புச் சொன்னார். அந்த நீதிபதியை உங்களுக்குப் பிடிக்கும் என்பதால்தான் பெயரைச் சொல்கிறேன், ஹி ஹி.

சோறு போட்டார்கள், சரி. திருச்சி மத்தியச் சிறை வளாகத்துச் சிறப்பு முகாமில் நம்ம ஈழத்துக்காரர்கள் உண்ணாவிரதம் இருந்தபோது, "சோறு போடுறாங்கல்ல" என்று நீங்கள் சொல்லவில்லையே? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், குரூப்பில் எல்லாரும் படிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன்.

உங்கள் மருமகள்