சுற்றிப் போனால் வெட்கமில்லை

குலசேகரம்,
ஆனி மாதம், மழை நாள்.

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. இங்கே இடவப்பாதி மழை விட்டபாடில்லை. அறுபது சென்ட் ரப்பரில் ஒழுங்காகப் பால் வெட்டி ஒன்பது நாளாயிற்று. நடுவில் ஒருநாள் துணிந்து வெட்டியதில் சிரட்டை நிறைய மழைத்தண்ணீர்தான் மிஞ்சியது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. ஆகவே உன் புகாருக்கு விரிவாகப் பதில் எழுத நேரம் நிறைய இருக்கிறது.

எல்டன் ரிங் வீடியோ ஆட்டத்தில் வெளியே காலெடுத்து வைத்ததும் தங்கக் கவசம் போட்ட குதிரைவீரன் உன்னை இரண்டே அடியில் சாய்த்துவிட்டானாம். கொஞ்சம் தள்ளி நிற்கும் சாதாரணப் படைவீரனோ நீ தொட்டதும் விழுகிறானாம். 'செய்தவனுக்கு அளவு தெரியவில்லை' என்று தீர்ப்பும் எழுதிவிட்டாய். அளவு தெரிந்துதான் அவனை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். அந்தப் பளபளப்பு எதற்கு? தூரத்திலேயே நீ பார்த்துவிட்டு, பாதையை விட்டு இறங்கி மரங்களுக்கிடையே போவதற்குத்தான். வெட்டவெளியில் மூன்று ஓய்விடங்களைத் தொட்டுவிட்டால் உனக்கும் ஒரு குதிரை கிடைக்கும். அதற்கு முன் அவனோடு என்ன தகராறு?

எனக்கு மட்டும் இது உடனே புரிந்தது என்று நினைக்காதே. பதினேழு முறை செத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை மகன், எட்டாம் வகுப்புதான் படிக்கிறான், "மாமா, அவன் உங்களை வரச் சொன்னானா?" என்று கேட்டான். அதற்குப் பிறகுதான் சுற்றிப் போனேன்.

எதிரிகள் எப்போதும் நம் பலத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்று நீ கேட்கும் சமநிலை எப்படியிருக்கும் என்று நாம் ஏற்கெனவே பார்த்தாயிற்று. வடசேரி அறையில் ஆப்ளிவியன் விளையாடியது நினைவிருக்கிறதா? 2006-இல் வந்த ஆட்டம். அதில் நம் லெவல் ஏற ஏற எதிரிகளும் கூடவே ஏறுவார்கள். நீ மருந்து காய்ச்சுவதை முதன்மைத் திறன்களில் ஒன்றாக எடுத்துவிட்டு, இரவெல்லாம் இலையும் வேரும் அரைத்து லெவல் ஏற்றினாய். வாள் பிடித்த கை மட்டும் முதல்நாள் இருந்தபடியே இருந்தது. வெளியே போனால் குட்டிக் குகையில் இருந்த கூளிகூட உன்னைத் துரத்தியது. பிறகு, கட்டிலில் படுத்துத் தூங்கினால்தான் லெவல் ஏறும் என்று யாரோ சொல்லக் கேட்டு, உன் வீரனை மாதக்கணக்கில் தூங்கவிடாமல் அலையவிட்டாய். பாவம் அவன். கடைசிக் காலத்தில் வழிப்பறிக்காரன் ஒருவன் விலையுயர்ந்த கண்ணாடிக் கவசத்தில் வந்து நூறு பொற்காசு கேட்டபோது, 'அந்தச் சட்டையை விற்றால் நீ உட்கார்ந்து சாப்பிடலாமே' என்று நீ திரையைப் பார்த்துக் கத்தினாய். அடுத்த அறைக்காரர் கதவைத் தட்டினார்.

அதற்கு அடுத்து வந்த ஸ்கைரிம் ஆட்டத்தில் இதைக் கொஞ்சம் திருத்தினார்கள். ஒரு குகைக்குள் நீ முதல்முறை நுழையும்போது உன் லெவல் என்னவோ, அதை ஒட்டி அதன் பலம் நிலைத்துவிடும். முன்கூட்டியே எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தால், பின்னால் சுலபமாகத் திரும்பலாம். கள்ளத்தனம்தான், ஆனாலும் நான் செய்தேன்.

விட்சர் 3 என்ற ஆட்டத்தில் உன்னைவிட மிகப் பலமானவன் தலைக்கு மேல் சிவப்பு மண்டையோடு காட்டுவார்கள். பேச்சிப்பாறை அணையைத் திறந்துவிட்டால் திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை போடுவார்களே, அதுபோல. போர்டை வைத்த பிறகும் இறங்கினால் குற்றம் அருவிமேல் இல்லை.

என் கோபமெல்லாம் போர்டே இல்லாத இடத்தில்தான். எல்டன் ரிங்கில் ஏரிக்கரையில் ஓர் எரிந்த இடிபாடு, நிலவறையில் ஒரு பெட்டி. ஆசையோடு திறந்தேன். குபுகுபுவென்று புகை. கண் திறந்தால் காலிட் நாட்டுச் சுரங்கம். வரைபடத்தைத் திறந்து ஊருக்குத் தாவலாம் என்றால் சுரங்கத்துக்குள் அது நடக்காது. என் வாள் அங்கே யாருக்கும் உறைக்கவில்லை. சுவரோடு சுவராகக் குனிந்து நகர்ந்து, வெளிச்சம் தெரிந்த பக்கம் ஓடினேன். வெளியே வந்தால் வானம் முழுக்கச் சிவப்பு. அந்த நேரம் பார்த்து ரப்பர் மரம் ஒன்று கம்பிமேல் சாய்ந்து கரண்ட் போயிற்று. இருட்டில் கையில் கன்ட்ரோலரோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா மெழுகுவர்த்தியோடு வந்து, 'ஏன் வியர்த்திருக்கிறாய்?' என்றாள். இப்போது யோசித்தால், அந்த ஆட்டத்தில் எனக்கு மறக்காத இரவு அதுதான். அன்று மட்டும் செய்தவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன்.

நீ செய்யவேண்டியது இதுதான். எல்டன் ரிங்கில் காசு மாதிரி இருக்கும் ரூன்களைச் சேர்த்தால், செலவழித்துவிட்டுச் சண்டைக்குப் போ. செத்தால் விழுந்த இடத்தில் கிடக்கும். எடுப்பதற்குள் மறுபடி செத்தால் போனது போனதுதான். லெவலை மட்டும் பார்க்காதே, கொல்லனிடம் போய் ஆயுதத்தைத் தட்டி வலுவாக்கு. துணைக்கு ஆவிகளை அழை. அது கோழைத்தனம் என்று சொல்கிறவன் வந்து உனக்காக விளையாடப் போவதில்லை. ஸ்கைரிமில் என்றால் கடினத்தைக் குறைத்துவிடு. வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு உட்காருகிறவன் எட்டாம் வகுப்புப் பையனோடு போட்டி போடவேண்டியதில்லை. எல்டன் ரிங்கில்தான் அந்த வசதி கிடையாது.

போன ஞாயிறு, முப்பதாம் லெவலில், குதிரையோடு திரும்பிப் போய் அந்தத் தங்கக் கவசக்காரனை வீழ்த்தினேன். மருமகன் டியூஷனுக்குப் போயிருந்தான். பார்க்க யாருமில்லை.

அடுத்த மாதம் பக்கத்து வீட்டு அண்ணன் மஸ்கட் வருகிறார். அம்மா உப்பேரி வறுத்துக் கொடுத்துவிடுவாள். எந்த இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறாய் என்று எழுது.

உன் கூட்டுக்காரன்