ஸ்டீரியோ ஸ்லைடு பார் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: குறைபாடுள்ள ஸ்லைடு பாருக்குப் பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா,

வணக்கம். கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்தி முப்பரிமாணப் படம் எடுக்க உதவும் உங்கள் ஸ்டீரியோ ஸ்லைடு பாரை வாங்கியவன் நான். பில் நகலை இணைத்திருக்கிறேன். 'ஒரே கேமராவில் முப்பரிமாண இயற்கைக் காட்சிகள், 30 செ.மீ. நகர்வு, 3 கிலோ தாங்கும்' என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறீர்கள்.

செஞ்சிக் கோட்டைப் பாறைகளை எடுக்கத்தான் இதை வாங்கினேன். இடக்கண்ணுக்கு ஒரு படம், கேமராவை நகர்த்தி வலக்கண்ணுக்கு ஒரு படம் என்று எடுக்கும்போது நடுவில் எதுவும் அசையக்கூடாது. மரம், அலை என்றால் தொல்லை. பாறைக்கு அந்தத் தொல்லையே இல்லை. அங்கே போய் நின்றால் உங்கள் பார்தான் அசைகிறது.

கேமராவைப் பிடிக்கும் கிளாம்பின் திருகு இடிப்பதால் கேமரா 19 செ.மீ.க்கு மேல் நகர்வதில்லை. மிக அருகிலுள்ள பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு நகர்த்துவது ஸ்டீரியோ எடுப்பவர்களின் கைக்கணக்கு. ராஜகிரி மலையைப் பின்னால் வைத்து, 9 மீட்டர் தள்ளியிருக்கும் பாறையை முன்னால் வைத்தால் 30 செ.மீ. வேண்டும். இரு கண்களின் இடைவெளியான ஆறரை செ.மீ. போதுமென்றால் பாரே தேவையில்லை. ஒரு காலிலிருந்து மறு காலுக்குச் சாய்ந்தே எடுத்துவிடலாம்.

சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். என் கேமராவும் லென்ஸும் சேர்ந்து ஒன்றரை கிலோகூட இல்லை. ஆனால் ஓரத்துக்குப் போனதும் பட்டை கீழே தொங்குகிறது. மேலே ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், குமிழி ஒரு பக்கமாக ஓடிவிடுகிறது. திருகை இறுக்கினால் கேமரா கொஞ்சம் திரும்பியும் விடுகிறது.

'மென்பொருளில் சரிசெய்துகொள்ளலாம்' என்று உங்கள் ஊழியர் பதில் எழுதியிருந்தார். சாய்வை நிமிர்த்தலாம்தான், ஓரங்களை வெட்டிக் கொடுத்துவிட்டு. கேமரா கீழே இறங்கியதை எப்படி நிமிர்த்துவது? தூரத்து மலையை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தால் பக்கத்துப் பாறை ஒரு கண்ணுக்கு மேலேயும் மறு கண்ணுக்குக் கீழேயும் நிற்கிறது. இரண்டு படங்களையும் சேர்த்துச் சாய்த்தால் பாறை சரியாகும், அடிவானம் கோணிக்கொள்ளும். பார்ப்பவருக்குத் தலைவலிதான் மிச்சம். கருவி செய்ய வேண்டிய ஒரே வேலை கேமராவை ஒரே மட்டத்தில் நகர்த்துவது. அதைக் கணினி செய்யும் என்றால் பார் எதற்கு?

அப்புறம் நீங்கள் மாற்றி அனுப்பிய பாரும் இப்படியே வளைகிறது. ஆகவே இன்னொன்று வேண்டாம். முழுத் தொகையையும், முதல் பாரைத் திருப்பி அனுப்பிய கூரியர் கட்டணத்தையும் 15 நாட்களுக்குள் என் கணக்கில் செலுத்துங்கள். தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ரசமட்டத்தோடு எடுத்த படங்களும் உங்கள் ஊழியரின் பதிலும் என்னிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், கூரியர் ரசீது, படங்கள்