கழுத்து டியூபை எப்போது எடுப்பீர்கள்?

மாவட்டத்தில் டயாலிசிஸ் பிரிவுகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

எங்கள் அண்ணாச்சிக்கு டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைக்கக் குறித்த தேதி போன வாரம் மறுபடியும் தள்ளிப்போய்விட்டது. சர்ஜன் லீவாம். சரி, அவரும் மனுஷர்தானே. ஆனால் அதுவரை டயாலிசிஸ் செய்ய அவசரத்துக்கென்று கழுத்தில் போட்ட டியூப் இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாத வகை அது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"தண்ணி படாம, தூசி படாம பாத்துக்கிடுங்க" என்று நர்ஸம்மா ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புகிறார். அவர் மேல் குறையில்லை. திசையன்விளையிலிருந்து பாளையங்கோட்டைக்கு, ஆடிக் காற்றில் தேரி மண் பறக்கும்போது, ஜன்னல் மூடாத பஸ்ஸில் எப்படிப் பார்த்துக்கொள்வது? வேர்வையில் பிளாஸ்டர் ஓரம் எழும்பிவிடும். அண்ணாச்சி ஒரு கையால் கம்பியையும் மறு கையால் கழுத்தையும் பிடித்துக்கொண்டே வருவார். மைனி தன் சேலைத் தலைப்பைக் காற்றுக்கு மறைப்பாகப் பிடித்திருப்பாள்.

போன மாதம் மெஷினில் போட்டு அரை மணி நேரத்துக்குள் கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுக்கம். ஏசியைக் குறைத்தார்கள், போர்வை போட்டார்கள். கடைசியில் கிருமி ரத்தத்திலேயே இருந்தது. அந்த டியூபின் நுனி இதயத்தின் வாசலில்தான் நிற்கிறது; தோலில் இருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி அது வழியாக உள்ளே போனால் வால்வில் குடியேறிவிடும். அதற்காகத்தான் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். டயாலிசிஸ் நோயாளிகளின் உயிரைப் பறிப்பதில் இதயக் கோளாறு முதலிடம், தொற்று இரண்டாமிடம். ஒன்று மற்றொன்றுக்கு வழிவிடுகிறது. தொற்றோடு வரும் அழற்சி ரத்தக்குழாயைக் கெடுத்து, மாரடைப்புக்கும் இடம் கொடுக்கிறது. கையில் ஃபிஸ்டுலா இருந்தால் இந்தத் தொற்று வெகுவாகக் குறையும். ஆபரேஷன் முடிந்தாலும் அது ஊசி குத்தத் தயாராக ஆறு வாரமாவது வேண்டும். ஆகவே நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் கழுத்து டியூபுக்கு இன்னொரு வாரம்.

புது மெஷின் வந்தால் ரிப்பன் வெட்ட வருகிறவர்களுக்குக் குறைவில்லை. அதே அறையில் கை கழுவும் முறையை ஆறு படமாகப் போட்டு ஒட்டியிருக்கிறீர்கள், அழகாக இருக்கிறது. கீழே குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. தாமிரபரணி ஓடுகிற ஊர், ஸ்மார்ட் சிட்டி வேறு! ரோடு, பஸ் ஸ்டாண்டு என்று ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது. கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

கேட்பது இதுதான். கழுத்தில் டியூபோடு இருக்கும் எல்லோருக்கும் ஃபிஸ்டுலா ஆபரேஷனுக்கு ஒரு தேதி கொடுங்கள். ஒரு சர்ஜன் லீவென்றால் இன்னொருவரை வைத்தாவது அந்தத் தேதியில் செய்யுங்கள். அதுவரைக்கும் டியூபைத் திறக்கும்போது நோயாளிக்கும் ஒரு மாஸ்க், குழாயில் தண்ணீர், பக்கத்தில் சோப்பு.

தயவுசெய்து தேதிப் பட்டியலை டயாலிசிஸ் அறை வாசலில் ஒட்டிவிடுங்கள். அண்ணாச்சி பெயர் எத்தனையாவதாக இருந்தாலும் சரி, காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் தம்பி,
திசையன்விளை