எட்டுத் தேசிக்காய்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தை அம்மா போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். முன்னுக்கு பிக்கப், அது இழுக்க பின்னுக்கு வெள்ளைப் பெட்டி மாதிரி ஒரு டிரெயிலர் வீடு. “கல்கரியில் வாங்கின வீட்டுக்கே கடன் கட்டி முடியவில்லை, அதுக்குள்ளே இழுத்துக்கொண்டு திரிய இன்னொரு வீடா?” என்றார். கக்கூஸ் தண்ணீரை ஒரு தாங்கியில் சேர்த்துவைத்து, பிறகு நீங்களே குழாய் பூட்டி ஊற்ற வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அந்தப் பகுதியை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. காட்டவும் போவதில்லை.

எனக்கு வேறொரு இடம்தான் மனதில் நின்றது. கேம்பிங் முகாமில் உங்களுக்குத் தந்த இடத்துக்குள் வண்டியைப் பின்னுக்கு எடுக்கத் தெரியாமல் ஆறேழு தரம் முன்னும் பின்னும் போனீர்களாம். சுற்றியிருந்தவர்கள் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தார்களாம். பக்கத்து வண்டிக் கிழவர் எழும்பி வந்து கை காட்டி உள்ளே எடுத்துத் தந்தாராம். அவர் நாற்பது வருடம் லொறி ஓட்டியவர் என்று அவருடைய மனைவி சொன்னாராம். உனக்கு வெட்கத்தில் சாப்பாடு இறங்கவில்லை, அடுத்த நாள் அவர்கள் எழும்ப முதலே புறப்பட்டுவிட்டீர்கள்.

அதை நான் ஆமர் வீதித் தேத்தண்ணிக் கடையில் சொல்லிவிட்டேன். கோபிக்காதே. வயதுபோன நாலு லொறிக்காரர்களுக்கு நடுவில் அப்படி ஒரு கதையை வாயில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பிளேன்டி குடிக்கலாம்? அன்றிலிருந்து உன்னுடைய வண்டிதான் அங்கே பேச்சு. ஆளுக்காள் சொல்லிவிட்டதை எழுதத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியைக் கேட்டுவிட்டு “சரி அப்பா, சரி அப்பா” என்பாய்.

முதலில் கன்டெய்னர் அண்ணன். துறைமுகத்திலிருந்து நாற்பது அடிப் பெட்டியை இழுத்து, புளுமெண்டால் பக்கத்து ஒடுங்கின ஒழுங்கைகளில் பின்னுக்குப் போட்டே தலை நரைத்தவர். என்னுடைய இசுசு எல்ஃப் ஒரே துண்டு லொறி, இடுப்பு மடியாத வண்டி. எனக்கு உன் வண்டியின் சூட்சுமம் தெரியாது. அவருக்குத் தெரியும். மேசையில் நெருப்புப் பெட்டியையும் பீடிக் கட்டையும் இணைத்து வைத்துக் காட்டினார். ஸ்டியரிங்கை மேலே பிடிக்காதே, கீழ்ப்பக்கம் ஆறு மணி இடத்தில் ஒரு கையால் பிடி. பின்பெட்டியின் வால் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் கையை அசை. கொஞ்சமாக அசை, பொறு, பிறகு அசை. பெட்டி மடங்குகிறது என்று கண்டால் திருத்தப் பார்க்காமல் முன்னுக்குப் போய் நேராக்கிக்கொண்டு திரும்ப வா. “முன்னுக்குப் போறது தோல்வி இல்லை என்று பிள்ளைக்குச் சொல்லுங்கோ. நான் இப்பவும் மூன்று தரம் போறனான்” என்றார்.

கை காட்டுகிறவரைக் கண்ணாடியில் காணவில்லை என்றால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அது எங்களுக்குள் சட்டம். மருமகன் பின்னுக்கு நின்று கை காட்டினார், ஆனால் வண்டிக்கு நேர் பின்னால் நின்றார், நீ காணவில்லை, அப்படித்தானே? ஓரமாக, கண்ணாடிக்குள் விழுகிற இடத்தில் நிற்கச் சொல். இங்கே எங்கள் கிளீனர் பொடியன் தமிழன்தான், என்றாலும் பின்னுக்கு எடுக்கும்போது அவன் வாயில் வருவது சிங்களம்தான்: “எண்ட எண்ட எண்ட... ஹரி ஹரி”, வா வா, சரி சரி. கையால் பெட்டியில் ஒரு தட்டுத் தட்டினால் நில், இரண்டு தட்டினால் போ. பஸ் மணியின் கணக்குத்தான். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டு வாசலில் லொறியை நிறுத்தினால் ஓடிவந்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவாய். நான் பிரேக்கில் கால் வைத்தபடியே இருப்பேன்.

வெங்காய நானா கேட்டது ஒன்றே ஒன்று: பாரம் எங்கே ஏற்றுகிறார்கள்? நாலாம் குறுக்குத் தெருவில் பெரிய வெங்காய மூட்டையை, மூட்டை தூக்கும் நாட்டாமிமார் அடுக்குவதை ஐம்பது வருடம் பார்த்தவருக்கு வேறு என்ன கேள்வி வரும்? வால் பக்கம் கனத்தால் உன் பெட்டி வாலாட்டத் தொடங்கும். பெட்டியின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து வரை பிக்கப்பின் கொக்கியில் இறங்க வேண்டும் என்று உங்கள் நாட்டுக் கணக்கு. 2,500 கிலோ பெட்டி என்றால் கொக்கிக்கு 250 கிலோவாவது. தண்ணீர் தாங்கி எங்கே இருக்கிறது என்று பார், நூறு லீற்றர் தண்ணீர் என்றால் நூறு கிலோ. மருமகன் இரண்டு சைக்கிளையும் கொண்டுபோய் வாலில் கட்டியிருக்கிறார், படத்தில் கண்டேன். நானா கண்டிருந்தால் பேசியிருப்பார். நான் காட்டவில்லை. வாலாட்டம் வந்துவிட்டால் பயத்தில் பிரேக்கை மிதிக்காதே, காலை எடு, பின்பெட்டியின் பிரேக்கை மட்டும் கையால் கொடு.

பஞ்சிகாவத்தை டயர் மாமாவுக்கு டயர்தான். பின்பெட்டி டயர் தேய்ந்து சாகாது, வயது போய்த்தான் சாகும் என்கிறார். வருடத்தில் பத்து மாதம் நின்ற இடத்தில் நிற்கிற வண்டிக்கு, டயரில் வீதியில் தேய்கிற கட்டை எல்லாம் புதிசு மாதிரியே இருக்கும். பக்கவாட்டில் கடைசி நாலு இலக்கத்தை வாசி. 2319 என்று இருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமை செய்தது. பழைய வண்டி வாங்கினாய்தானே, இன்றைக்கே போய்ப் பார்த்து எழுது. சில்லைக் கழற்றிப் பூட்டினால் முதல் எண்பது கிலோமீற்றரில் இறங்கி நட்டை ஒருக்கா இறுக்கச் சொன்னார். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய லொறியைப் பிள்ளை மாதிரிப் பார்த்தவர்கள் நாங்கள். அவர் சொன்னால் கேள்.

மலைக்கு நான் சொல்கிறேன். ரொக்கி மலைப் பக்கம் போவதாக எழுதியிருந்தாய். ஏறுகிற கியரில்தான் இறங்க வேண்டும். கடுகண்ணாவையில் எனக்கு முதல் முதலாளி சொல்லித் தந்தது இது. ஏற்றத்துக்கு மூன்றாம் கியர் கேட்ட மலை இறக்கத்துக்கும் மூன்றாம் கியர்தான் கேட்கும். உன் பிக்கப் ஓட்டோமெட்டிக், இழுவைக்கென்று ஒரு பொத்தான் இருக்குமாம், அதை அழுத்து. பிரேக் மணக்கத் தொடங்கினால் பிந்திவிட்டது என்று அர்த்தம்.

கரடிக்குச் சாப்பாடு போடாதே என்று அங்கே பலகை இருக்காமே. புத்தல, கதிர்காமம் வீதியில் ஒரு காலம் சனம் வாழைப்பழம் நீட்டி நீட்டி, இப்போது யானை நடுவீதியில் நின்று வாகனத்துக்குள் தும்பிக்கை விட்டுக் கப்பம் வாங்குகிறது. பேரனுக்குச் சொல்.

இனி மாலு அய்யா. நீர்கொழும்புக்காரர், மீன் லொறி. உனக்கு அவரைத் தெரியும், உன் கல்யாணத்துக்குப் பாரை மீன் கொண்டுவந்தவர். ஆனால் அவரை எனக்கு எப்படித் தெரியும் என்று உனக்குச் சொன்னேனோ தெரியாது.

2012 இல் யாழ்ப்பாணத்துக்குச் சீனியும் பருப்பும் ஏற்றிக்கொண்டு போகிறேன். றம்பேவ தாண்டி, மதவாச்சிக்கு இந்தப் பக்கம், இரவு பதினொரு மணி. ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பினபோது துவக்குச் சத்தம் மாதிரி ஒன்று. பின் சில்லின் ஸ்பிரிங் பிளேட், முதல் பிளேட்டே, முறிந்துவிட்டது. லொறி ஒரு பக்கம் இருந்துவிட்டது. இரண்டு பக்கமும் காடு. எதிர்ப்பக்கமிருந்து மன்னார் மீன் ஏற்றின லொறி வந்தது. தாண்டிப் போய், நின்று, பின்னுக்கு வந்தது. ஐஸ் உருகின தண்ணீர் பின்கதவால் வீதியில் சொட்டிக்கொண்டிருந்தது. இறங்கி வந்த மனிதன் என்னோடு ஒன்றும் பேசவில்லை, டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு லொறிக்குக் கீழே போய்விட்டார். ஜக் அடித்து, அவருடைய சில்லுக்கு அடை வைக்கிற பெரிய மரக்கட்டையை அக்ஸிலுக்கும் செசிக்கும் நடுவில் செருகி, சங்கிலியால் சுற்றி இறுக்கினோம். இரண்டு மணி நேரம். “வவுனியா வரைக்கும் முதலாம் இரண்டாம் கியரில் போ” என்றார். காசு நீட்டினேன், கையைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

மீன் லொறிக்காரன் சந்தைக்கு ஒரு மணி நேரம் பிந்தினால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாது. நல்ல வியாபாரி எல்லாம் வாங்கிப் போயிருப்பான், மிச்சமிருப்பவன் சொன்னதுதான் விலை. அன்றைக்கு அவருக்கு எவ்வளவு போனது என்று இன்று வரை அவர் வாயால் சொன்னதில்லை. அவருடைய கிளீனர் சொல்லி, இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியும்.

கட்டை என் லொறியில் நின்றுவிட்டது. திரும்பி வந்ததும் அந்தக் கட்டையைக் கழுவி, பேலியகொடை மீன் சந்தைக்குக் கொண்டுபோய், விடிய மூன்று மணிக்கு ஒவ்வொரு லொறியாக எட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். கட்டையைக் கண்டு சிரித்தார். மீன் வைத்த மாலுபாணும் தேத்தண்ணியும் வாங்கித் தந்தார். சிநேகிதம் அங்கேதான் தொடங்கியது. வீதியில் அவர் செய்தது உதவி மட்டும்தான், மகள். கட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போகாவிட்டால் அது அதோடு முடிந்திருக்கும்.

பிறகு யாழ்ப்பாணத்தில் அவருக்கும் மீன் ஏற்ற இருக்கிற நாட்களில் இரண்டு லொறியும் ஒன்றாகவே போகும். முறிகண்டியில் நிறுத்துவோம். அவர் வேதக்காரர், கழுத்தில் சிலுவை. என்றாலும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் யாழ்ப்பாணம் போகிற ஏ-9 வீதியில் ஒரு அடி நகரமாட்டார். உடைத்துவிட்டுக் கச்சான் வாங்கிக் கொறித்தபடியே போவார்.

2022 பொருளாதார நெருக்கடியைப் பற்றியும் உனக்கு முழுதும் சொல்லவில்லை. போனில் “நல்லா இருக்கிறோம்” என்றுதான் சொன்னோம். அதற்கு முந்தின வருடம் டிசம்பரில் லீற்றர் 121 ரூபாய் விற்ற டீசல், ஜூன் கடைசியில் 460. அந்த விலை கொடுக்கவும் டீசல் இல்லை. வரிசையில் நாலு இரவு கிடந்தோம். நீ இப்போது காசு கொடுத்துப் போகிறாயே கேம்பிங், அதை உனக்கு முந்தி நாங்கள் வீதியோரத்தில் போய்விட்டோம். லொறிக்கும் மதிலுக்கும் நடுவில் படங்கு கட்டி, கீழே பாய். சமையல் காஸும் இல்லாத காலம், மூன்று கல் வைத்து, உடைந்த பலகைப் பெட்டியை எரித்துச் சமைத்தோம். நானாவின் லொறியில் நின்ற பூசணிக்காய், என்னுடைய பருப்பு. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளம் கடலுக்குப் போகவில்லை, மாலு அய்யாவிடம் மீன் இல்லை, கருவாடு கொண்டுவந்தார். ஸ்டார்ட் பண்ணினால் இருக்கிற டீசலும் போய்விடும் என்று, வரிசை நகரும்போது ஆறு பேர் சேர்ந்து ஒவ்வொரு லொறியாகத் தள்ளுவோம். முறை வைத்து ஒருத்தர் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவார், அவருடைய லொறியை மற்றவர்கள் தள்ளுவார்கள். இரவில் சோடா மூடிகளை வைத்து டாம் விளையாட்டு. நானா கள்ள ஆட்டம் ஆடுவார், இருட்டில் மூடி நகரும். மூன்றாம் நாள் இடையில் புகுந்த ஒருத்தனோடு அடிதடி வரப் பார்த்தது. பிறகு பார்த்தால் அவனுக்குச் சுகமில்லாத தாயை ஏற்றிப் போக வேண்டியிருந்தது. விட்டோம்.

ஜூலையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்க கியூஆர் முறை வந்தது, லொறிக்குக் கிழமைக்கு 50 லீற்றர். என்னுடைய எல்ஃப் பாரத்தோடு லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர் ஓடும், யாழ்ப்பாணம் 400 கிலோமீற்றர். நீ கணக்கில் கெட்டிக்காரி, போட்டுப் பார். இரண்டு பேருடைய பங்கையும் சேர்த்து ஒரு லொறியை ஓட்டி, வந்த கூலியைப் பாதி பாதியாகப் பிரித்துத்தான் அந்த மாதங்களை ஓட்டினோம். கணக்குக் கொப்பி ஒன்றும் எழுதவில்லை.

அம்மா இன்னொன்று கேட்கச் சொன்னார். வாங்கின வண்டிக்குச் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்தீர்களா? பிக்கப்புக்கு நாலு, பெட்டிக்கு நாலு, மொத்தம் எட்டுச் சில்லு. அங்கே தேசிக்காய் என்ன விலையோ தெரியாது, ஆனால் ஒன்றைக்கூடக் குறைக்காதே என்கிறார்.

அந்த முகாமுக்கு இந்தக் கோடையில் திரும்பப் போவீர்கள் என்றால் அந்தக் கிழவர் தம்பதி வருடா வருடம் அங்கே வருகிறவர்களா என்று விசாரித்துப் பார். கண்டால் அம்மா அனுப்பின முறுக்கில் ஒரு பை கொண்டுபோய்க் கொடு. பெயரைக் கேள். நாற்பது வருடமும் என்ன பாரம் ஏற்றினவர் என்று கேட்டு எழுது. மரம் என்று நானா சொல்கிறார், எண்ணெய் பவுசர் என்று கன்டெய்னர் அண்ணன், மீன்தான் என்று மாலு அய்யா அடித்துச் சொல்கிறார். ஒரு தேத்தண்ணிக் கணக்கு அதில் நிற்கிறது.

அன்புடன்,
அப்பா